வாங்குகிறவரின் பெயர் யார் கையில்?

(அனுப்பம்பட்டில், மகளிர் சுயஉதவிக் குழுவினரும் பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களின் மீனவக் குடும்பத்தினரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலையில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி வந்தேன். மீஞ்சூர் தாண்டினால் அனுப்பம்பட்டு, அடுத்தது பொன்னேரி. இந்த இருப்புப்பாதையில்தான் எத்தனை தலைமுறைக் கூடைகள் சென்னைக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன! ஏரியில் விடிகாலை பிடித்த மீன், பொழுது ஏறுவதற்குள் நகரத்து வீட்டு வாசலில் இருக்க வேண்டும். அந்த ஓட்டத்தில் வளர்ந்தவர்கள் நீங்கள். வியாபாரத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுக்க நான் வரவில்லை.

சமூக ஊடகத்தை வைத்துச் சிறுதொழிலை வளர்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். போனில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டித் தர உங்கள் வீட்டுப் பிள்ளைகளே போதும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் பொருளைக் கடைசியில் வாங்கிச் சமைக்கிறவர், உடுத்துகிறவர், வீட்டில் வைத்துக்கொள்கிறவர் யார்? அவருடைய பெயரும் நம்பரும் யார் கையில் இருக்கின்றன? இன்று நான் பேசப்போவது முழுக்க இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

நானூறு வருடத்துக்கு முந்தைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வேறு எங்கோ நடந்த கதை அன்று, உங்கள் ஊர்க் கதை.

1613ஆம் ஆண்டு பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனி கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கிழக்குத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்களுக்கு வேண்டியிருந்தது நம் கரைத் துணி. துணியைக் கொடுத்து வாசனைப் பொருளை வாங்கினார்கள். இங்கே சுற்றுவட்டாரத்தில் நெய்த கட்டம்போட்ட துணிகள் கப்பல் கப்பலாகப் போயின. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம்போட்ட கைலிக்கு இன்றைக்கும் பெயர் என்ன தெரியுமா? பெலேக்காட். பழவேற்காடு என்ற பெயர்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது. ஐரோப்பாவில் வண்ணக் கைக்குட்டைக்கும் இந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் தறிகளில் இதே பெயரைச் சொல்லி நகல் துணி நெய்து விற்றார்கள்.

ஒரு சின்ன ஏரிக்கரை ஊரின் பெயர் இத்தனை தூரம் போயிருக்கிறது. விளம்பரம் என்று பார்த்தால் இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. இருந்தும் அந்தத் துணியை நெய்த குடும்பங்களுக்கு அதனால் என்ன நிலைத்தது? ஜாவாவில் கைலி கட்டியவருக்கு நெய்தவரைத் தெரியாது. நெய்தவருக்குக் கட்டியவரைத் தெரியாது. நடுவில் தரகர், அவருக்கு மேலே கம்பெனி. யாருக்கு எந்த நிறம் பிடிக்கும், எந்தத் தீவில் எந்தக் கட்டம் ஓடும் என்ற கணக்கு முழுதும் கம்பெனிப் புத்தகத்தில் இருந்தது. நகல் துணி வந்தபோது, ‘எங்கள் துணிதான் அசல், எங்களிடம் வாங்குங்கள்’ என்று சொல்ல நெசவாளியிடம் ஒரு முகவரிகூட இல்லை. ஊர்ப் பெயர் கடல் கடந்து போனது. வாங்கியவரின் பெயர் இந்தக் கரைக்கு வந்து சேரவே இல்லை.

இன்றைய சேற்று நண்டுக்கு வாருங்கள். நம் ஏரி நண்டைக் கால் கட்டி, ஈரம் காயாமல் அடுக்கி, உயிரோடு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சிங்கப்பூர் வரை போகிறது. அங்கே மிளகாய் நண்டு என்றால் பேர்போன சாப்பாடு. பிடித்தவருக்குத் தெரிந்தது கரையில் எடை போடும் வியாபாரியை மட்டும்தான். சதை நண்டா, தண்ணி நண்டா என்று அவர் அமுக்கிப் பார்த்துச் சொல்வதே விலை. அந்த வியாபாரியைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வலை கிழிந்தபோது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியபோது, முன்பணம் கொடுத்தவர் அவர்தான். அந்த உறவை ஒரே நாளில் அறுத்துக்கொள்ளச் சொல்பவர் உங்கள் வீட்டு அடுப்பை அறியாதவர். நான் கேட்பது வேறு. பிடிப்பதில் பத்தில் ஒரு பங்காவது, உங்களுக்கு முகம் தெரிந்த ஒருவர் தட்டுக்கு நேராகப் போக வழி உண்டா? அந்த ஒரு பங்குக்குத்தான் போன்.

போனை வைத்து என்ன ஆகிவிடும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, பக்கத்துக் கேரளத்தில் கணக்கெடுத்துப் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் வடகேரளத்து மத்தி மீன் சந்தைகளை வருடக்கணக்கில் ஆராய்ந்து 2007இல் எழுதினார். 1997 ஜனவரி 14ஆம் தேதி காலை, வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டிவிட்டார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் வேறு கரைகளில், வாங்க மீன் கிடைக்காமல் 27 பேர் நின்றிருந்தார்கள். மீனும் இருந்தது, பணமும் இருந்தது. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவில்லை.

1997க்கும் 2001க்கும் இடையில் அந்தக் கடற்கரையில் செல்போன் கோபுரங்கள் வந்தன. படகிலிருந்தே மீனவர் நாலு கரைக்குப் பேசி, எங்கே விலை என்று கேட்டுக்கொண்டு படகைத் திருப்பினார். கொட்டிப் பாழாவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் நன்மை. கவனியுங்கள், அன்றைக்கு வாட்ஸ்அப் கிடையாது, படம் கிடையாது, வீடியோ கிடையாது. பேச மட்டும் முடிந்த போன். அதைக் கொண்டே இவ்வளவும் நடந்தது. வலிமை கருவியில் இருப்பதைக் காட்டிலும், யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது.

அப்படித் தெரிந்து வைத்திருப்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் உண்டு: வாடிக்கை. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு ஓர் ஆயா கூடையில் மீன் கொண்டுவருவார். எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது, எந்த வீட்டில் புரட்டாசி முழுக்க விடுவார்கள், எந்த வீட்டுப் பெண் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள், அவளுக்குப் பால்சுறா வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் என் அம்மா கூடைக்குக் கை நீட்டினார். ஆயா கூடையை மூடிவிட்டார். “இன்னிக்கு வேணாம்மா. ஐஸ்ல கெடந்த மீனு. நாளைக்கு நல்லதா கொண்ணாறேன்” என்றார். அன்று அவருக்கு ஒரு வீட்டு வியாபாரம் போனது. அதன் பிறகு வேறு யாரிடமும் என் அம்மா மீன் வாங்கியதே இல்லை.

இந்த ஆயா செய்ததுதான் இன்றைக்குப் பெரிய பெரிய பெயர்களில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஆளை அறிவது, அவர் தேவையை அறிவது, உண்மை சொல்வது, சொன்ன நாளில் வருவது. ஆயாவின் கால் நடக்க முடிந்த தூரம் வரைதான் அவர் வாடிக்கை. உங்கள் கையில் இருக்கும் போன் அந்தக் காலை நீட்டித் தருகிறது. செய்ய வேண்டிய வேலை அதேதான்.

ஆகவே முதல் வேலையைப் போனில் தொடங்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இதுவரை உங்களிடம் நேராக வாங்கியவர்கள் எத்தனை பேர்? பொன்னேரி டீச்சர், மீஞ்சூர் மருந்துக்கடைக்காரர், ரயிலில் பழக்கமான அக்கா என்று எழுதிக்கொண்டே போங்கள். முப்பது பெயர் தேறினால் போதும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே நான்கு விஷயம்: என்ன வாங்குவார், எவ்வளவு வாங்குவார், எந்தக் கிழமை வாங்குவார், எந்த மாதம் வாங்க மாட்டார். பிறகு ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: “நல்ல மீன் வர்ற அன்னிக்குப் போன்ல சொல்லட்டுமாம்மா?” வேண்டாம் என்பவருக்கு அனுப்பாதீர்கள். சரி என்பவரிடம் உங்கள் நம்பரை அவர் போனில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பதியச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பலருக்கு ஒரே செய்தியை அனுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று குழு. குழுவில் சேர்த்தால் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ஒரு பெண் உங்களை நம்பிக் கொடுத்த நம்பரை முன்பின் தெரியாத இருநூறு பேர் பார்ப்பது சரியில்லை. போதாததற்குக் காலை வணக்கமும் அரசியலும் வந்து விழுந்து, உங்கள் மீன் செய்தி அடியில் போய்விடும். இன்னொன்று ஒலிபரப்புப் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம்போலப் போய்ச் சேரும். யார் நம்பரும் யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் நம்பரைப் பதிந்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போகும். உங்கள் பெயரைத் தன் போனில் எழுதிக்கொள்ள அவர் சம்மதித்தாரா என்பதுதான் முதல் பரீட்சை.

2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம்தான். அதில் கடைப் பெயர், நேரம், இடம் எழுதி வைக்கலாம். பொருள்களின் படமும் விலையும் போட்டு ஒரு பட்டியல் வைக்கலாம். நீங்கள் வலை உதறும்போது யாராவது கேட்டால், ‘மாலை நான்கு மணிக்குப் பதில் சொல்கிறேன்’ என்று அதுவே சொல்லிவிடும். வீட்டு நம்பரையும் தொழில் நம்பரையும் பிரித்து வைத்துக்கொள்வது பெண்களுக்கு நிம்மதி. இரண்டு சிம் போடும் போனே போதும்.

சரி, என்ன சொல்லி அனுப்புவது? ஒரு செய்தியில் ஐந்து விஷயம் இருந்தால் போதும். என்ன மீன், எப்போது பிடித்தது, கிலோ என்ன விலை, சுத்தம் செய்தபின் எவ்வளவு நிற்கும், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும். கரையில் கூறு கட்டி விற்றுப் பழகியவர்கள் நாம். கூறு, கண்ணால் பார்த்து வாங்குகிறவருக்குச் சரி. போனில் வாங்குகிறவருக்கு எடை வேண்டும். ஒரு கிலோ மீன் வெட்டிக் கழுவி வந்தபின் குறைந்திருந்தால், முன்கூட்டிச் சொல்லாத பட்சத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். சொல்லிவிட்டால் அது சாதாரணக் கணக்கு.

படம் எடுப்பதற்கு விலை உயர்ந்த போன் வேண்டாம். காலை வெயிலில், நிழல் விழாமல், கழுவிய தட்டில் வைத்து எடுங்கள். செவுளைத் தூக்கிக் காட்டி ஒரு படம், கண் தெரிய ஒரு படம், தராசு தெரிய ஒரு படம். வேறு யாரோ எடுத்த அழகான மீன் படத்தைப் போடாதீர்கள். போன வாரத்துப் படத்தையும் போடாதீர்கள். மடவை வந்த அன்றைக்கு மடவை, கிழங்கான் வந்த அன்றைக்குக் கிழங்கான். ஒன்றும் வராத அன்றைக்கு, ‘இன்று மீன் இல்லை’ என்று அனுப்புங்கள். முகத்துவாரம் மண் மூடி ஏரியில் வரத்துக் குறைந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போக முடியவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத காலத்தில் சந்தையில் ஏன் விலை ஏறுகிறது என்று விளக்குங்கள். நகரத்தில் இருப்பவர் மீனை ஒரு பொருளாகத்தான் அறிவார். அது காற்றையும் தண்ணீரையும் நம்பிய தொழில் என்பது உங்கள் செய்தியில்தான் அவருக்குத் தெரியவரும். தெரிந்தவர் பேரம் பேசுவதும் வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது, எந்தப் பொருளுக்கு எவ்வளவு தூரம் வலை வீசுவது என்ற கேள்வி. எல்லா மீனுக்கும் ஒரே வலை போடுவோமா? கண்ணி அளவு பார்த்துத்தானே போடுவோம். இதற்கும் அப்படியே மூன்று கணக்கு இருக்கிறது.

பச்சை மீனும் இறாலும் ஐஸ் தாங்கும் நேரம் வரைதான். அதற்கு உங்கள் வலை பொன்னேரி, மீஞ்சூர், ரயில் போகும் எல்லைக்குள் இருந்தால் போதும். பத்தாயிரம் பேர் மதுரையில் பார்த்தாலும் உங்களுக்கு ஒரு கிலோ இறாலும் விற்காது. ஒலிபரப்புப் பட்டியல் இதற்கானது.

கருவாடு மாதக்கணக்கில் நிற்கும், தமிழ்நாடு முழுக்கப் போகும். ஆனால் தூரம் கூடக் கூட நம்பிக்கைக்குச் சாட்சி வேண்டும். மணலில் உலர்த்தாமல் பரண் கட்டி உலர்த்துவதைச் சின்ன வீடியோவாக எடுங்கள். நெத்திலியைக் கழுவுவது, உப்பு போடுவது, வெயிலில் புரட்டுவது எல்லாவற்றையும் காட்டுங்கள். பொட்டலத்தில் எடை, கட்டிய தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். பதிவு செய்யாமல் உணவுப் பொருளை வெளியூருக்கு அனுப்பத் தொடங்காதீர்கள். ஃபேஸ்புக், யூடியூப் இரண்டும் கருவாட்டுக்கு நல்ல கரை.

மூன்றாவது, பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனைஓலைப் பெட்டியும் கூடையும். இது கெடாது, கனமில்லை, தபாலில் உலகம் சுற்றும். இதற்குத்தான் உண்மையிலேயே பெரிய வலை வேண்டும். இன்ஸ்டாகிராம் படம் பார்க்கிறவர்களின் இடம், ஆகவே அங்கே போங்கள். ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் அங்குலத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கையை வைத்துப் படம் எடுத்தால் அளவு கண்ணுக்குப் புரியும். முடைய எத்தனை நாள் ஆகிறது என்று எழுதுங்கள். மழைக்காலத்தில் ஓலை பூஞ்சை பிடிக்கும், எப்போதாவது வெயிலில் காட்டுங்கள் என்பதையும் எழுதுங்கள். குறையை முதலில் சொன்ன கைவினைஞரிடம்தான் ஆட்கள் திரும்ப வருகிறார்கள்.

யூடியூப் என்றதும் உங்கள் பிள்ளைகள் வில்லேஜ் குக்கிங் சேனலைச் சொல்வார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில், வயல் நடுவில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைத்துக் காட்டினார்கள். 2018இல் தொடங்கி 2021இல் ஒரு கோடிப் பேர் சந்தாதாரர் ஆனார்கள். தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அவர்கள்தான். கொரோனா நிவாரணத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அவர்கள் தொழில் வீடியோ. பார்வைதான் அவர்களுக்கு வருமானம். உங்கள் தொழில் மீனும் கருவாடும் பெட்டியும். பார்க்கிறவர் கூட்டத்தைக் கண்டு மயங்கி, வாங்குகிற முப்பது பேரை விட்டுவிடாதீர்கள். பார்வையாளர் வேறு, வாடிக்கையாளர் வேறு.

இதை இன்னொரு சம்பவம் நன்றாகச் சொல்லும். 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. லட்சக்கணக்கான பேர் தங்களைப் பின்தொடர்வதாக நினைத்திருந்த நம் ஊர்ப் பிள்ளைகள், மறுநாளே யாரையும் கூப்பிட முடியாமல் நின்றார்கள். அந்த லட்சம் பேரின் பெயர் அவர்களிடம் இல்லை, கம்பெனியிடம் இருந்தது. கெல்ட்ரியா கோட்டைக் காலத்துக் கதை நினைவுக்கு வருகிறதா? அன்று கணக்குப் புத்தகம் டச்சுக்காரர் கையில். இன்று அது அயல்நாட்டுக் கணினியில். இன்ஸ்டாகிராமில் ஒருவர் உங்கள் பெட்டியைப் பார்த்துப் பாராட்டினால் மகிழுங்கள். வாங்கியதும் அவர் பெயர், ஊர், என்ன வாங்கினார் என்பதை அந்த நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் செயலி மூடினாலும் நோட்டு மூடாது.

தனித்தனியாகச் செய்யத் தயங்குகிறவர்களுக்கு உங்கள் ஏரியிலேயே ஒரு வழி இருக்கிறது. பாடு முறை. இறால் வளமான இடம் சிலதே, ஆள்கள் பலர். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள் உங்கள் முன்னோர். வலுத்தவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாமல் காத்த ஏற்பாடு அது. போனிலும் ஒரு பாடு வையுங்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரே நம்பர், ஒரே பெயர், ஒரே பட்டியல். இன்று வரும் கேட்பு இந்த வீட்டுக்கு, நாளை வருவது அடுத்த வீட்டுக்கு. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றாலும் வாடிக்கையாளருக்கு மீன் போய்விடும். யாராவது ஒரு நாள் கெட்ட மீனை அனுப்பினால் பத்துப் பேர் பெயரும் கெடும் என்பதால், ஒருவர் மீனை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள்.

அதோடு ஒரு வேண்டுகோள். பாடு முறையில் எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை. வலையில்லாமல், சேற்றில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதில் பங்கு கிடையாது. புதிதாகத் தொடங்கும் இந்த முறையிலாவது அந்த அக்காக்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தண்ணீரில் போட்ட எல்லைக் கோட்டைப் போனிலும் போட வேண்டாம்.

எச்சரிக்கையாகச் சில சொற்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ‘பணம் அனுப்பியிருக்கிறேன், பின் நம்பர் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொன்னால் அவர் திருடர், உடனே போனை வையுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் வந்துவிட்டது என்று காட்டும் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள், உங்கள் கணக்கில் வந்ததா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்த வழி உண்டு.

இன்னொன்று. பார்வை கூட வேண்டும் என்பதற்காக ஏரியில் படகுச் சவாரி காட்டி ஆள் கூப்பிடாதீர்கள். 2011 டிசம்பர் 25ஆம் தேதி பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் நாளை இந்தக் கரை மறக்கவில்லை. ஒரு வீடியோவுக்காக அந்த ஆபத்தை மறுபடியும் யாரும் அழைக்கக் கூடாது.

நிறைவாக, இவ்வளவு நேரம் உண்மை சொல்லுங்கள், உண்மை சொல்லுங்கள் என்று நான் ஏன் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவ ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. அதற்கு ஒலிபெருக்கி உண்டு. சாதாரண நாள்களில் அந்த ஒலிபெருக்கி பேசியதெல்லாம் கடல் நிலவரம்போலச் சின்னச் சின்னச் செய்திகள்தான். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். ஊரே ஓடியது. 3,000க்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். தினமும் சின்ன உண்மைகளைச் சொன்ன குரல் அது. அதனால்தான் பெரிய உண்மையைச் சொன்ன அன்றைக்கு ஒருவரும் நின்று யோசிக்கவில்லை.

தொழிலுக்கும் அப்படி ஒரு நாள் வரும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போயின. இப்படி ஒன்று நடந்தால் அந்தக் கரை மீன் மட்டுமா, வடசென்னைக் கரை மீன் எதைக் கண்டாலும் வாங்குகிறவருக்கு அச்சம் வரும். ‘எங்கள் ஏரியில் எண்ணெய் வரவில்லை, இதோ பாருங்கள்’ என்று நீங்கள் சொன்னால் அன்றைக்கு யார் நம்புவார்? மீன் இல்லாத நாளில் இல்லை என்று சொன்னீர்களே, ஐஸில் கிடந்ததை வேண்டாம் என்றீர்களே, அதைக் கேட்டுப் பழகிய அந்த முப்பது பேர் நம்புவார்கள். ஒருவேளை எண்ணெய் வந்தே விட்டால், ‘இந்த வாரம் வாங்காதீர்கள்’ என்று நீங்களே சொல்வீர்கள். அடுத்த மாதம் அவர்களே உங்களைத் தேடிக் கூப்பிடுவார்கள்.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் நோட்டைத் திறந்து முதல் பெயரை எழுதுங்கள். நாலு நூற்றாண்டு முன்னால் இந்தக் கரையில் நெய்தவர்களின் கைக்கு வராமல் போன புத்தகத்தின் முதல் வரி அது. அதை உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்.